சீட்டில் மாத்திரைக்குப் பதில் உடற்பயிற்சி

12 ஜனவரி 2025, காலை
இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன் பியேரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கிறது என்றார். மாத்திரையைக் கூட்டுவார் என்று பார்த்தால், தனியாக ஒரு தாளை எடுத்து, வாரம் மூன்று முறை பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மருந்துக் கடையில் நீட்டினால் எதுவும் கிடைக்காத சீட்டு. நடக்கச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு? அதைப் பாட்டியே சொல்வாள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. யாருக்காவது அனுபவம் உண்டா?

12 ஜனவரி 2025, இரவு
ஒரு வாசகியின் பதில்

தட்டிக்கழிப்பு என்று சொல்லாதீர்கள் தம்பி. உங்கள் அம்மாவின் டாக்டர் கூடுதல் வேலை பார்த்திருக்கிறார். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுத அவருக்கு அரை நிமிடம் போதும். இந்தத் தாளை எழுத வேண்டுமானால் முழங்காலைப் பார்க்க வேண்டும், பாதத்தைப் பார்க்க வேண்டும், மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

எனக்கும் சர்க்கரைதான். புதுச்சேரியில் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தீவின் கிழக்குக் கரைக்கு வந்தவள். எனக்குக் கிடைத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மேலே டாக்டரின் முத்திரை. வழக்கமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இருக்கும் இடத்தில், உடல்நிலைக்கேற்ற பயிற்சி, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், மூன்று மாதம். அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில் இரண்டு வரி: வலது முழங்கால் தேய்மானம், குதிக்க வைக்க வேண்டாம், பயிற்சி செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எவ்வளவு வேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவு எனக்குத் தெரியாது. கருவி எதுவும் வேண்டியதில்லை.

இது அவர் தம் விருப்பத்துக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. பிரான்சில் 2016 ஜனவரி 26-ஆம் தேதிச் சட்டம் இதற்கு வழி திறந்தது. சமூகக் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் குடும்ப டாக்டர் உடற்பயிற்சியைச் சீட்டில் எழுதலாம் என்றது. 2017 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பூர் நகரம் அதற்கு முன்பே 2012-இல் தொடங்கிக் காட்டியிருந்தது. நாம் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே உள்ள சட்டம் நமக்கும் உண்டு. ஐரோப்பாவுக்கும் இது புதிதில்லை. சுவீடனில் 2001 முதலே சீட்டில் உடற்பயிற்சி எழுதுகிறார்கள்.

பாட்டி சொன்னால் போதாதா என்று கேட்டீர்கள். 2011-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரைக்காரர்கள் வாரம் 150 நிமிடத்துக்கு மேல், மேற்பார்வையில், திட்டப்படி பயிற்சி செய்தபோது மூன்று மாதச் சராசரி சுமார் 0.9 புள்ளி இறங்கியது. "நடங்கள்" என்று வாயால் அறிவுரை மட்டும் சொன்னபோது, கூடவே சாப்பாட்டையும் மாற்றினால்தான் பலன் தெரிந்தது. பல மாத்திரைகள் இறக்கும் அளவுக்கு இந்த 0.9 ஈடாகும். பாட்டி சொல்வது உண்மைதான். ஆனால் எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், எந்த முழங்காலோடு என்று பாட்டி சொல்ல மாட்டாள்.

13 ஜனவரி 2025

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தத் தாளுக்குச் சமூகக் காப்பீடு பணம் தராது. டாக்டரைப் பார்த்ததற்குத் தரும், பயிற்சி வகுப்புக்குத் தராது. துணைக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு தொகை தருகின்றன. மேசோன் ஸ்போர் சாந்தே என்ற பலகை மாட்டிய மையங்களில் முதல் மதிப்பீடு செய்து, எங்கே சேரலாம் என்று சொல்வார்கள். அங்கே முதலில் போன் செய்யுங்கள். நேராக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் ஆண்டுச் சந்தா கட்டிவிடாதீர்கள்.

19 ஜனவரி 2025

"நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் உழைத்தார்கள், யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த உழைப்பை நாம் பாராட்டிப் பேசுவதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் உடலை வளர்க்கக் கரும்பு வெட்டவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே சோற்றையும் கறியையும் ருகாய்த் தொக்கையும் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறி, காரிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்காருகிறார்கள். இந்தத் தீவில் சர்க்கரை நோய் பிரான்சின் பெருநிலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சோறு அதே அளவில் இருக்கிறது. அதைச் செலவழித்த கால்கள் நின்றுவிட்டன.

வேலையிலேயே உடல் அசைந்தால் என்ன நடக்கும் என்று முதலில் எண்ணிப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஜெரி மாரிஸ். 1953-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு லண்டன் பஸ்களைப் பற்றியது. ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே நிறுவனம். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். இரண்டு மாடிப் பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்குக் குறைவு. டாக்டர்கள் உடற்பயிற்சியை மருந்தாக எண்ணத் தொடங்கியதன் வேர்களில் ஒன்று அந்தப் படிக்கட்டு.

தசைக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதைப் புரியவைத்த பிறகுதான் ஒழுங்காகப் போகத் தொடங்கினேன். இரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை வழக்கமாக இன்சுலின் திறக்கும். இரண்டாம் வகைச் சர்க்கரையில் இன்சுலின் தட்டினாலும் வாசல் சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமல் தானாகவே திறந்துகொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை தசை இன்சுலினின் பேச்சைக் கேட்கிறது. அதன் பிறகு பழைய நிலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறிவிட்டு வாரம் முழுவதும் உட்காருவது நமக்குப் போதாமல் போவதன் காரணம் இதுதான். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று டாக்டர்கள் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

2 பிப்ரவரி 2025

இதுவரை உடலைப் பற்றியே எழுதினோம். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருப்பது வீட்டைப் பற்றி.

என் நாத்தனாருக்கும் சர்க்கரை. மாலை ஐந்து மணிக்கு நடக்கப் போகலாம் வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். வர மாட்டார். சோம்பல் கிடையாது, விடிவதற்கு முன் எழுந்து வீட்டையே தூக்கி நிறுத்துகிறவர். ஐந்து மணிக்கு மாமனாருக்குக் காப்பி, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், இரவுச் சமையல். இத்தனைக்கும் நடுவில் செருப்பை மாட்டிக்கொண்டு "நான் நடக்கப் போகிறேன்" என்று சொல்ல அவருக்கு நா எழாது. தனக்காக முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வது அந்த வீட்டில் ஒரு குற்றத்தைப் போல. யாரும் தடுக்கவில்லை, யாரும் திட்டவில்லை. அவருக்கே அப்படித் தோன்றுகிறது.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த அன்று நான் கூட இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் அந்தத் தாளை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்தார். வாரம் மூன்று முறை என்ற இடத்தில் விரலை வைத்து, "எந்த எந்தக் கிழமை?" என்று கேட்டார். செவ்வாய், வியாழன், சனி என்றார் நாத்தனார். "அப்படியானால் அந்த நாட்களில் காப்பியை நானே போட்டுக்கொள்கிறேன்" என்றார் பெரியவர். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை காலம் நான் தொண்டை வறளச் சொன்னதை ஒரு கையெழுத்து முடித்துவைத்துவிட்டது.

1998-இல் நியூசிலாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல் உழைப்பில்லாத நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு டாக்டர் வாயால் மட்டும் சொன்னார். இன்னொரு பிரிவினருக்குச் சொன்னதோடு இலக்கைச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது எழுதி வாங்கியவர்களில் அதிகம் பேர் நடமாட்டத்தைக் கூட்டியிருந்தார்கள். ஏன் என்று அவர்கள் பல காரணம் சொல்வார்கள். என் கண்ணில் பட்ட காரணம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தாள் முதலில் அனுமதிச் சீட்டு, பிறகுதான் மருந்துச் சீட்டு. டாக்டர்கள் இதை அறிந்தே எழுத வேண்டும். அம்மா தனியாக வந்திருந்தாலும், வீட்டில் மூத்தவரோ கணவரோ படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

9 பிப்ரவரி 2025

நாளை மறுநாள் தைப்பூசம். காவடி எடுப்பவர்களுக்கும் கூட நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பேச்சிலிருந்து விலகுவதாக யாரும் நினைக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு நடை என்றாலே பாதம்தான் முதல் கேள்வி.

பல ஆண்டு சர்க்கரை இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்குகிறது. மங்கியது நமக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. என் டாக்டர் சீட்டு எழுதும் முன் ஒரு சிறு சோதனை செய்தார். பேனாவைப் போல ஒரு பிடி, அதன் முனையில் நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியில், பாதத்தின் முன்பகுதியில் இரண்டு இடங்களில் இழை வளையும்வரை அழுத்தினார். பத்து கிராம் அழுத்தம் அது. பட்டால் சொல்ல வேண்டும். நான் எல்லா இடத்திலும் சொன்னேன். காத்திருந்த அறையில் பழக்கமான ஒரு பெரியவருக்கு இடது காலில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் ஆண்டுதோறும் காவடி எடுக்கிறவர்.

பிப்ரவரி வெயிலில் நண்பகல் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உணர்ச்சியுள்ள கால் துள்ளும். உணர்ச்சியற்ற கால் நிதானமாக வெந்துகொண்டிருக்கும். மாலையில் கொப்புளம், ஒரு வாரத்தில் புண், பிறகு அறுவை மேசை. நேர்ந்துகொண்டதை விடச் சொல்லும் தகுதி எனக்கில்லை, விருப்பமும் இல்லை. முருகனுக்கு நானும் கடன்பட்டவள்தான். இழைச் சோதனையில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தவர்கள் மட்டும் பூசாரியிடம் பேசுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் அப்படிப்பட்டவர்களைத் துணிச் செருப்போடு அனுமதித்தார்கள். பால்குடம் கோயில் வாசலில் கையில் கொடுத்தார்கள். நடந்தவர்கள் எல்லோரும் இரவில் தரையில் ஒரு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். தீமிதி நோன்பு இருப்பவர்களுக்கும் இதுவே.

இன்னொன்று எரிச்சலூட்டுகிறது. கால் ஆபத்துக் கட்டத்தை எட்டிவிட்டால் பாத மருத்துவரைப் பார்க்கக் காப்பீடு பணம் தருகிறது. நல்லது, தரத்தான் வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் போகாமல் தடுக்கும் வகுப்புக்கு மட்டும் கை இறுகிவிடுகிறது.

5 மார்ச் 2025

கரான்ஸ் புயல் 28-ஆம் தேதி வடக்கிலும் கிழக்கிலும் அடித்த அடியில் இன்னும் எங்கள் பக்கம் தண்ணீர் சீராக வரவில்லை. கொலோஸ் பூங்காப் பக்கம் நடக்கப் போவதை மறந்துவிடுங்கள். விழுந்த மரங்களுக்கும் அறுந்த கம்பிகளுக்கும் அருகே போக வேண்டாம். வகுப்பு இல்லை. எல்லோரும் நலமா என்று மட்டும் எழுதுங்கள்.

23 மார்ச் 2025

வகுப்பு இல்லாத நாட்களில் வீட்டுக்குள் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நடை மட்டும்தான் மருந்து என்று எண்ணுகிறவர்கள் நம்மில் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி, வயதானவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்றும் சொல்கிறது. அந்தப் பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

எங்கள் பயிற்சியாளர் பெண், லெ தாம்போனில் விளையாட்டு அறிவியல் படித்தவர், கற்றுத்தந்தது இது. சுவரோடு ஒட்டி வைத்த, சக்கரமில்லாத நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பது, உட்காருவது. உட்காரும்போது பொத்தென்று விழக் கூடாது. மெல்ல இறங்கும்போதுதான் தொடை வேலை செய்கிறது. முழங்கால் முணுமுணுத்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அடுத்தது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. பருப்பு வேகும் நேரத்தில் முடிந்துவிடும். உடலில் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய பாத்திரம் தொடைத் தசைதான். அது மெலிந்துபோனால் நாம் எவ்வளவு நடந்தாலும் ஓரளவுக்கு மேல் பலன் வராது.

சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடப்பதும் நல்லது. சோறு சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையை அது நேரடியாக மழுக்குகிறது.

20 ஏப்ரல் 2025

வீட்டுக்கு வீடு சிக்குன்குன்யா. 2005, 2006-இல் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களைப் படுக்க வைத்த அதே காய்ச்சல். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. எனக்கும் வந்து போனது. காய்ச்சல் விட்டாலும் மணிக்கட்டும் கணுக்காலும் விடவில்லை; காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது பாதத்தைத் தரையில் வைக்கவே பயம்.

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தாளின் அருமை இன்னொரு விதத்தில் புரிந்தது. டாக்டர் பழைய சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். மூன்று முறை இருந்ததை இரண்டாக்கினார். 45 நிமிடத்தை 20 ஆக்கினார். நடையை எடுத்துவிட்டு, முடிந்தால் நீச்சல் குளத்தில் நீருக்குள் நடை, இல்லையென்றால் உட்கார்ந்த நிலையில் மூட்டுகளை அசைப்பது. மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் ஓய்வு. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

"நடங்கள்" என்று வாயால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலிக்கிறது என்று நிறுத்தியிருப்பேன், நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்திருக்கும். எழுதிய அளவு இருந்ததால்தான் குறைக்க முடிந்தது. குறைத்ததைத் திரும்பவும் கூட்டலாம். மாத்திரைக்கு நாம் இதை இயல்பாக ஏற்கிறோம். உடற்பயிற்சி என்றால் மட்டும் ஒன்று முழுதாகச் செய், அல்லது விட்டுவிடு என்று இருக்கிறோம்.

4 மே 2025

"ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம், என் மைத்துனர் நிறுத்திவிட்டார்" என்று ஒருவர் எழுதியதை இன்று காலை பார்த்தேன். தயவுசெய்து இதை யாரும் பின்பற்ற வேண்டாம். குறைப்பதா, நிறுத்துவதா என்று இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சீட்டு எழுதுவதே அவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தான்.

இதில் உயிர்ப்பிரச்சினை ஒன்று உண்டு. இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிக்ளாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை கீழே விழலாம். இங்கே நம் கருவிகள் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று காட்டும். இந்தியாவிலிருந்து வந்த உறவினர்கள் நூறு, நூற்றிருபது என்று பேசுவார்கள். நூறு என்பது இங்கே 1.00. பயிற்சிக்கு முன் 1.00-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 0.70-க்குக் கீழே விழுந்தாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ நடையை நிறுத்திவிட்டு மூன்று சர்க்கரைக் கட்டிகளைச் சாப்பிட்டு உட்காருங்கள். பையில் கட்டி இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

மாத்திரைக்கு எதிராக உடற்பயிற்சியை நிறுத்திப் பேசுகிறவர்களுக்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று. சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம். நம் உடம்பை வைத்தே செய்த கணக்கு இது. அமெரிக்காவில் 2002-இல் வந்த ஆய்வில் நடையும் உணவும் 58 சதவீதம் குறைத்தன, மாத்திரை 31. இரண்டு ஆய்வுமே நோய் இன்னும் வராதவர்களிடம் செய்தவை. வந்துவிட்டவர்கள் இதைக் காட்டி மாத்திரையைத் தூக்கி எறிய முடியாது. வராத பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்.

25 மே 2025

யாரோ தயிர்ப் பேச்சை எடுத்தீர்கள், எனக்கும் ஆத்திரம் வந்தது. கடல் கடந்த மாவட்டங்களில் விற்கும் தயிரிலும் குளிர்பானத்திலும் பெருநிலத்தில் விற்கும் அதே பொருளைவிடச் சர்க்கரையைக் கூட்டிப் போட்ட காலம் இருந்தது. 2013 ஜூன் 3-ஆம் தேதிச் சட்டம்தான் அதைத் தடுத்தது. நம் நாக்குக்கு இனிப்பு அதிகம் பிடிக்கும் என்று காரணம் சொன்னார்களாம்! அந்தத் தயிரைத் தின்று வளர்ந்த தலைமுறைக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. உடற்பயிற்சிச் சீட்டு அவர்கள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

22 ஜூன் 2025

சேன் பியேர் தம்பி, அம்மா சில வாரம் போய்விட்டு நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. வகுப்பு மாலை நான்கு மணிக்கு, நீங்கள் வேலையில். போகப் பஸ் உண்டு. முடித்துத் திரும்பும்போது அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். இப்போது குளிர்காலம், ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. அறுபதைத் தாண்டிய பெண் அந்த நிறுத்தத்தில் தனியாக நிற்பாரா?

பிப்ரவரியில் நான் தாளின் வலிமையைப் பற்றி எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் இப்போது அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டுக் கதவைத் திறக்கும் அந்தத் தாளால் பஸ்ஸைக் கொண்டுவர முடியாது. கார் வைத்திருப்பவருக்கும், கட்டணம் கட்ட முடிந்தவருக்கும், வகுப்பு நேரத்துக்கு முன் வேலை முடிகிறவருக்கும் அது முழுச் சீட்டு. கார் ஓட்டாத அம்மாக்களுக்குப் பாதிச் சீட்டு. இந்தத் தீவில் சர்க்கரையும் வறுமையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது பாதியாகக் கிடைக்கிறது. எனக்கு இது ஆறவில்லை.

நோயாளியை மையத்துக்கு இழுப்பதைவிட, பயிற்சியாளரைக் குடியிருப்புக்கு அனுப்புவது எளிது. எங்கள் பக்கம் கோயில் மண்டபத்தைச் செவ்வாய்க்கிழமைகளில் கேட்டு வாங்கினோம். நிர்வாகிகள் முதலில் தயங்கினார்கள். பயிற்சியாளர் பெண் ஒருமுறை வந்து பேசியதும் சரி என்றார்கள். அவர் ஒலிபெருக்கியில் இந்தத் தீவின் தாள இசையான மலோயா போடுகிறார், மெதுவான தாளத்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போகிறார். உடற்பயிற்சி என்றால் வராத இரண்டு பாட்டிகள் தாளத்துக்காக வருகிறார்கள். சீட்டு வைத்திருப்பவர்கள் எட்டுப் பேர் சேர்ந்தால் பயிற்சியாளரின் கட்டணம் தலைக்கு மிகக் குறைவு. உங்கள் பக்கத்திலும் மண்டபம் இருக்கும். அம்மாவுக்குத் துணைக்கு ஒரு சித்தியோ அத்தையோ இருப்பார். அவருக்கும் சர்க்கரை இருக்கும். நம் குடும்பங்களில் யாருக்கு இல்லை?

6 ஜூலை 2025

தனிச் செய்தியில் ஒரு சகோதரி கேட்டதற்கு, பலருக்கும் பயன்படும் என்று இங்கேயே பதில். அவர் கணவருக்குச் சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இருக்கிறது, எடையும் கூடுதல். நீண்டகால நோய்ப் பட்டியலில் அவர் இல்லை. சீட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம். 2016-இல் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2022 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம் அதை அகலமாக்கியது. நாள்பட்ட நோய் உள்ளவர்கள், நோய்க்கான ஆபத்துக் காரணங்கள் உள்ளவர்கள், தள்ளாமையால் பிறர் துணை தேவைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் எழுதலாம். குடும்ப டாக்டர்தான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடும் போய்விட்டது. சிகிச்சை அளிக்கும் எந்த டாக்டரும் எழுதலாம், இதய மருத்துவரும் எழுதலாம். திட்டம் மூன்று முதல் ஆறு மாதம். டாக்டர் வேண்டாம் என்று குறிப்பிடாத வரையில் இயன்முறை மருத்துவரே அதைப் புதுப்பிக்கவும் மாற்றியமைக்கவும் முடியும்.

டாக்டர் தாமாக எடுக்கவில்லையென்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நேரமில்லாமல் விட்டிருப்பார், மனமில்லாமல் இல்லை. அழுத்த மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப்போங்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏற விடாது, பயிற்சியாளர் அதை அறிந்திருக்க வேண்டும். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்திருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் அவரால் வர முடியும், யார் காரில் கொண்டுவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு எழுதும் சீட்டுக்குத்தான் ஆள் போய்ச் சேருகிறார்.